பாதி அளவு மெஷின்

அந்த அக்காவிடம் ‘பரவால்ல’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு. கையில் இருக்கும் சாமானைக் கீழே வைத்துவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். “யாருக்குப் பரவால்ல?” என்று கேட்பார். பதில் வரும்வரை விடமாட்டார். ஆரம்பத்தில் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். இப்போதும் என் வாயில் அது வராது.

நான் வெல்டிங் வேலை செய்கிறவன். லாரிப் பட்டறையில். படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. எழுதிப் பழக்கமில்லை. அக்கா இப்போது இல்லை. அவரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். கிறுக்கு என்கிறார்கள். ஒருத்தன் டீக்கடையில் கொலைகாரி என்றே சொன்னான். அந்தக் கோயில் திருவிழா அன்றைக்கு அவன் அங்கே இல்லை. நான் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

மலேசியாவில் ஈப்போ டவுனை ஒட்டிய புந்தோங்கில் மலிவு வீட்டு வரிசை. என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு அவருடையது. இரண்டு பேரும் ஒரே தோட்டம். சுங்கை சிப்புட் பக்கம். ரப்பரை வெட்டிப் போட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். வந்தோம். அக்கா எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சால்டரிங் வேலைக்குப் போனார். கட்டிய ஆள் விட்டுப் போய்விட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றதும் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து மெஷின் செய்ய ஆரம்பித்தார்.

கண்ணாடி அலமாரியில் வைக்கிற பொம்மை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து ஃபேக்டரியில் ஒரு ரோலர் மெஷின் இருந்தது. ரப்பர் மரத்து வெட்டிலும் பால் கோப்பையிலும் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கிக் கொண்டுவந்து அதில் போடுவார்கள். இரண்டு இரும்பு உருளைகள் அதை இழுத்து, நசுக்கி, தண்ணீரில் கழுவி, மறுபக்கம் தகடாகத் தள்ளும். நிஜ மெஷின் ஆள் நெஞ்சு உயரம். அக்கா செய்தது அதில் பாதி. உயரத்தில் பாதி, நீளத்தில் பாதி, ஒவ்வொரு போல்ட்டும் பாதி. ஓடும். நிஜமாகவே இழுக்கும்.

உருளைக்குப் பழைய தண்ணிக் குழாய். உள்ளே சிமெண்டு ஊற்றி, மெங்லெம்புவில் ஒரு சீனர் பட்டறையில் கடைசல் பிடித்தார். பக்கச் சட்டத்துக்கு லாரி பிஸ்டன்களை உருக்கி மண் அச்சில் ஊற்றினார். பின்பக்கச் சாக்கடை ஓரம் கரி அடுப்பு வைத்து அவரே உருக்கினார். பல்சக்கரம் வெட்டியது அரத்தால். கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்ட மாவு கிரைண்டர் மோட்டாரைத் தேடிப் பிடித்து அடியில் பூட்டினார். வெல்டிங் மட்டும் நான்.

கடையில் வாங்கும் போல்ட்டுக்குத் தலை பெரிது. பாதி அளவுக்கு ஒத்து வராது. அதனால் ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் அரத்தால் ராவிச் சின்னதாக்குவார். வெளியே தெரியாத இடத்து போல்ட்டுக்கும் அப்படியே.

“இது அடியில போவுது. யாரு பாக்கப் போறா க்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் பாப்பேன்.”

“மூடிட்டா நீங்களும் பாக்க முடியாது லா.”

“இருக்குன்னு தெரியும்ல? இல்லாதத இருக்குன்னு சொல்றவங்க வேற ஆளுங்க. நம்ம அப்படிச் செய்ய வேணாம்.”

அந்தப் பதிலில் இருந்த கோபம் எனக்கு அப்போது புரியவில்லை. போல்ட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மெங்லெம்பு பட்டறைக்காரர் நல்ல மனுஷன். வயசாளி. உருளையைக் கடைந்து முடித்துத் தடவிப் பார்த்து, “சூடா சுக்கோப் லா, அக்கா” என்பார். போதும் என்று அர்த்தம். அக்கா அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, “பெலும்” என்பார். இன்னும் இல்லை. அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி மெஷினைப் போடுவார். என்னிடம் ஒருமுறை மலாயில் கேட்டார்: “இந்தம்மா யார் மேல இவ்வளவு கோபமா இருக்கு?” எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். சொல்லத் தோன்றவில்லை.

சொல்லிவிடுகிறேன்.

அந்த ரோலரில் அக்காவுடைய அம்மாவின் வலது கை போனது. முழங்கை வரைக்கும். அக்காவுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. சேலை முந்தானையை ரோலர் பிடித்து இழுத்தது, கூடவே கையும் போனது. அந்த மாதிரி மெஷினில் உருளைக்கு முன்னால் கை போகாதபடி ஒரு தகடு இருக்க வேண்டும். கவர் என்போம். அதில் கவர் இல்லை. நிறுத்துகிற கைப்பிடி முதுகுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தது. ஒரு கை மாட்டிக்கொண்டால் இன்னொரு கையால் அதை எட்ட முடியாது.

ஆபீசில் விசாரணை நடந்தது. ஃபேக்டரி மண்டோர், அதாவது மேஸ்திரி, வந்து சொன்னார்: கவர் இருந்தது, கழுவுவதற்காக அவளேதான் கழற்றி வைத்தாள், முந்தானையை ஒழுங்காகச் செருகு என்று எத்தனையோ தடவை சொன்னேன், கேட்கவில்லை. அப்படியே முடிந்தது. கவனக்குறைவு.

அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை ஆறியிருக்கும். எங்கள் லயத்துச் சனங்கள், வரிசை வீட்டில் கூடக் குடியிருந்தவர்கள், விடவில்லை. வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளிடம், “முந்தானைய நல்லா செருகிக்கடி, அவள மாதிரி ஆயிடப் போற” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்காகச் சொன்னார்கள். அக்கா வயசுக்கு வந்து முதல்முதலாகச் சேலை கட்டியபோது அவரிடமே ஒருத்தி சொல்லிவிட்டாள். யாருடைய மகள் என்று மறந்துபோய்ச் சொன்னாளாம். அக்கா அதற்குப் பிறகு சேலை கட்டவில்லை. கல்யாணத்துக்குக் கட்டினார். அன்றைக்கும் முந்தானையில் ஏகப்பட்ட ஊக்கு என்று என் அம்மா சொல்வார்.

அக்காவின் அம்மாவை நானும் பார்த்திருக்கிறேன். புந்தோங் வீட்டில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மகள் இரும்பு ராவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சக் கையைச் சேலைத் தலைப்பால் மூடியே வைத்திருப்பார்.

“ஏண்டி அந்தச் சனியன வூட்டு வாசல்ல கொண்டாந்து வைக்கிற?”

அக்காவின் அரம் வேகமாகப் போகும்.

“நாந்தான் ஒழுங்கா செருகல. மெஷின் என்னாடி பண்ணும்? அது பாட்டுக்கு ஓடுது.”

அப்போது அக்கா சுத்தியலை எடுத்துத் தகரத்தில் ஒரு போடு போடுவார். தெருநாய் எல்லாம் எழுந்து ஓடும். அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரும்பைத்தான் அடிப்பார். மண்டோர் சொன்ன பொய்யைவிட, அதை அம்மாவே நம்பிவிட்டார் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மெஷினை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டார். கடைசிவரை தன் தப்பு என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அளவு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். நிஜ மெஷினை எப்போதோ பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஃபேக்டரிக் கொட்டகையில் கூரைகூட இல்லை. ஒருநாள் பட்டறை லாரியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். செம்பனைக்கு நடுவே கொடி மண்டிக் கிடந்தது. பாராங்கத்தியால் வெட்டி உள்ளே நுழைந்தோம். மெஷின் உட்கார்ந்திருந்த சிமெண்டு மேடை அப்படியே இருந்தது. அடிபோல்ட்டுகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா முட்டி போட்டு போல்ட்டுக்குப் போல்ட்டு டேப் பிடித்தார். சுவரில் கைப்பிடி இருந்த ஓட்டையும் இருந்தது.

மேடைக்கு முன்னால் தரையில் ஒரு பள்ளம். பெண்கள் நின்று நின்று சிமெண்டு தேய்ந்த இடம். இரண்டு பாதம் அளவு.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் நின்றார். வலது கையை முன்னால் நீட்டினார். மெஷின் இருந்த காற்றுக்குள். அப்படியே நின்றுகொண்டு இடது கையைப் பின்னால் சுவர்ப் பக்கம் நீட்டினார். உடம்பை முறுக்கினார். எட்டவில்லை. நல்ல உயரமான பொம்பளை அவர். அவருடைய அம்மா குட்டை.

“பாத்தியாடா?” என்றார்.

“பாத்தேன் க்கா.”

“வேற யாரு பாத்தா?”

கொசு பிடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தையும் அளந்துகொண்டு வந்தார். பாதி அளவு மெஷினுக்கு முன்னால் பாதி அளவுச் சிமெண்டுத் தரை போட்டு, அதில் பாதி அளவுப் பள்ளம் செதுக்கினார். சுவர் ஒன்று எழுப்பி அதில் கைப்பிடியை வைத்தார். அது வெறும் அலங்காரக் கைப்பிடி இல்லை. அதை இழுத்தால்தான் மோட்டார் நிற்கும். நிறுத்துவதற்கு வேறு சுவிட்ச் எதுவும் கிடையாது. ஆள் பொம்மை ஒன்று செய்து வைக்கலாமே என்றேன். என்னை முறைத்தார். அதோடு சரி.

மெஷின் வேலை முடிந்த பிறகு ஒரு பையன் வந்தான். பழைய டவுனில் காப்பிக்கடை நடத்துகிறவன். பழைய சைக்கிள், தையல் மெஷின் எல்லாம் சுவரில் தொங்கவிட்டிருப்பானாம். யாரோ சொல்லிப் பார்க்க வந்தான்.

“ஆன்ட்டி, செமையா இருக்கு லா! கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, மேல ஒரு மஞ்ச லைட் போட்டா போதும். எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க.”

“பக்கத்துல நின்னா?”

“ஆமா ஆன்ட்டி. அவ்ளோ அழகா இருக்கு.”

“கொஞ்சம் இரு தம்பி.”

உள்ளே போய் ஐஸ்பெட்டியில் இருந்து ஒரு கோழிக்கால் எடுத்துக்கொண்டு வந்தார். மோட்டாரைப் போட்டார். ஒரு மூங்கில் குச்சியால் கோழிக்காலை உருளைக்குள் தள்ளினார். கையால் எதையும் அவர் தள்ளியதே இல்லை. எலும்பு உடைந்த சத்தம் என் வீட்டுக்குக் கேட்டதாக என் பெண்டாட்டி சொன்னாள். மறுபக்கம் தட்டையாக வந்ததைச் செய்தித்தாளில் எடுத்து அவன் கையில் வைத்தார்.

“இதயும் சேத்து மாட்டு.”

பையன் ஓடிவிட்டான். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. உருளையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தத் திருவிழா விஷயம். இதற்காகத்தான் கொலைகாரி என்கிறார்கள்.

தோட்டம் போனாலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பழைய சனங்கள் எல்லாம் வருவார்கள். காம்பார், தஞ்சோங் மாலிம், லூமுட் என்று எங்கெங்கோ போனவர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து சேருவார்கள். அந்த வருஷம் ஒன்றுகூடல் என்று பெரிதாக ஏற்பாடு. கூட்டத் தலைவர் யார் என்றால், அந்த மண்டோரின் மகன். அப்பன் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. மகன் கொஞ்சம் வசதியாக இருக்கிறார். வெள்ளைச் சட்டை, பேச்சு எல்லாம் பலமாக இருக்கும்.

அவரே ஒரு பெட்டி பலகாரத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, நம்ம தோட்டத்து ஞாபகமா ஒங்க மெஷின கோயில் மண்டபத்துல வைக்கணும். டத்தோ வராரு. நம்ம தோட்டத்துல பொறந்த ஆளு, இப்ப பெரிய கம்பெனி, சுல்தான் குடுத்த பட்டம். அவர வச்சே ஓட்டிக் காட்டிடுவோம்.”

“எப்படி இருந்துச்சோ அப்படியேதான் வைப்பேன்.”

“அதான்க்கா வேணும்.”

“மைக்குல ஒண்ணு சொல்லணும்.”

“என்னாக்கா?”

“இதுல கவர் கெடையாது. எங்கம்மா கழட்டல. இல்லவே இல்ல. அதனாலதான் கை போச்சு. அத நீ சொல்லணும். ஒங்கப்பா சொன்னத நீ மாத்திச் சொல்லணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“பழைய கதை க்கா. சரி, சொல்லிடுறேன். பரவால்ல.”

“யாருக்குப் பரவால்ல?”

“சொல்றேன்க்கா! கண்டிப்பா சொல்றேன்.”

அந்தப் பலகாரத்தை அக்கா தொடவில்லை. என் பிள்ளைகள்தான் தின்றார்கள். ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்து ஏதோ பாரம் இறங்கியிருந்தது. மனுஷர் போல இருந்தார். மெஷினை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

தரையும் சுவரும் மெஷினோடு ஒரே சட்டத்தில் இருந்ததால் அப்படியே தூக்கி மண்டபத்தில் இறக்கினோம். லூமுட் போகும் வழியில் ஒரு சிறு தோட்டக்காரரிடம் சொல்லி ஒட்டுப்பால் ஒரு தோம்பு, அதாவது பீப்பாய், நிறைய வாங்கி வந்திருந்தேன். நாற்றம் மூக்கைத் துளைத்தது. பழைய பொம்பளைகள் எல்லாம் அந்த நாற்றத்துக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “நம்ம புருசமாருங்கள தூங்க வுடாத நாத்தம்டி இது!” என்று ஒரு கிழவி சொல்ல, ஒரே கும்மாளம். அக்கா மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டினார். யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொன்னார். தானே ஓட்டிக் காட்டுவேன், மூங்கில் குச்சியால்தான் தள்ளுவேன் என்றார். சுவர்க் கைப்பிடி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். வெகுநேரம் பேசினார். ரத்தம், வேர்வை, காடு, கடல் எல்லாம் வந்தது. டத்தோவுக்கு ஆள் உயர மாலை போட்டார்கள். ஜரிகை பொன்னாடை ஒன்று, அதன் மேல் இன்னொன்று. கைதட்டல். பிறகு மெஷினைக் காட்டி, “இது நம் உழைப்பின் சின்னம்! இதை உருவாக்கிய அக்காவுக்கு நன்றி!” என்றார். அவ்வளவுதான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். தலைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

போட்டோக்காரன் கேட்டான் என்று தலைவர் கயிற்றை அவிழ்த்தார். “வாங்க டத்தோ, நீங்களே போடுங்க” என்று ஒரு துண்டு ஒட்டுப்பாலை அவர் கையில் கொடுத்தார். மூங்கில் குச்சி கீழேயே கிடந்தது. மெஷின் பாதி அளவு. அதனால் டத்தோ நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. மாலை தொங்கியது. பொன்னாடை தொங்கியது. “கிட்ட போவாதீங்க!” என்று நான் கத்தினேன். நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முதலில் பொன்னாடை ஓரம் போனது. பிறகு முழுசாக இழுத்தது. மாலையும் கூடப் போனது. மனுஷர் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பின்னால் தள்ளினார். கழுத்து இறங்கிக்கொண்டே போனது. மறுபக்கம் சாமந்தியும் ஜரிகையும் பாலோடு பாலாக நசுங்கித் தகடாக வந்தது.

“நிப்பாட்டு! நிப்பாட்டு!” தலைவர் அலறினார்.

அக்காவின் கை கைப்பிடி மேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்றேன்னு சொன்னியே” என்றார்.

நான் பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியை இழுத்தேன். மெஷின் நின்றது. கத்தரிக்கோல் கொண்டுவந்து பொன்னாடையை வெட்டினோம். கழுத்தில் ஒரு சிவந்த கோடு. வேறு ஒன்றும் இல்லை. டத்தோ நாற்காலியில் உட்கார்ந்து “ஓக்கே லா, ஓக்கே லா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு மூச்சு நேரம் அக்கா கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றது நிஜம். நான் பார்த்தேன். அதை மறைக்கமாட்டேன். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் நடந்ததையும் பார்த்தேன்.

தலைவர் அக்கா முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கத்தினார். “ஒனக்கு அறிவு இருக்கா? கவர் போடாம யாராச்சும் மெஷின் வைப்பாங்களா? ஆளு செத்திருந்தா?”

மைக் அவர் கையிலேயே இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது.

சுற்றி நின்ற எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கவர் இல்லாமல் எப்படி வைக்கலாம். கைப்பிடியை இவ்வளவு தூரத்தில் எவன் வைப்பான். மெஷின் சரியில்லை. மெஷின் சரியில்லை. பொன்னாடையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு குனியக் கூடாதா என்று டத்தோவைப் பார்த்து ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆள்கூட. நானும் இந்தச் சனங்களோடுதான் பிறந்தேன். அன்றைக்குத்தான் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அக்கா அமைதியாகக் கேட்டார். “இன்னொரு தடவ சொல்லு.”

தலைவர் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். அணைத்தார்.

அப்போது பெண்கள் வரிசையில் இருந்து ஒரு குரல். “அப்ப மட்டும் இருந்துச்சாக்கும்.”

ரொம்பச் சின்னக் குரல். அக்கா திரும்பினார். யார் சொன்னது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். அன்னதானத்துக்கு இலை போட்டார்கள். சனம் எழுந்து போய்விட்டது.

மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஜாலோங் முனை தாண்டியதும் கேட்டேன்.

“செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“ஜெயிலுக்குப் போயிருப்பேன்.”

“அவ்ளோதானா?”

“வண்டிய பாத்து ஓட்டு.”

போலீஸ் வரவில்லை. டத்தோ வேண்டாம் என்றாராம். ஒன்றுகூடல் பட்டியலில் இருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்ல வந்த ஆளை அக்கா வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிழவி எங்கள் சந்துக்குள் வந்தார். தனியாக, பேருந்தில் வந்திருக்கிறார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் வாசலில் மோட்டார்சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வீடு எது என்று என்னிடம்தான் கேட்டார். ஆளைத் தெரிந்தது. அதே ரோலரில் மறுபக்கம் நின்று தகடு பிடிக்கும் வேலை அவருக்கு. அக்காவின் அம்மாவுக்கு நேர் எதிரே நின்றவர்.

அக்கா வெளியே வந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“அன்னிக்குக் கோயில்ல பேசுனது நீதானா?”

“ஆமாம்மா.”

“ஆபீசுல ஒன்னையும் கூப்புட்டுக் கேட்டாங்க. நீ என்னா சொன்ன?”

கிழவி வாழைப்பழத்தைக் கீழே வைத்தார். “பாக்கலன்னு சொன்னேன்மா. மண்டோரு வேலைய வுட்டு எடுத்துப்புடுவேன்னாரு. எனக்குக் கைக்கொழந்த. எங்க வூட்டு ஆளும் குடிச்சுக்கிட்டு... என்னாம்மா பண்றது.”

“பாத்தியா, பாக்கலையா?”

“பாத்தேன்.”

“எங்கம்மா இதே வாசல்ல எத்தன வருசம் ஒக்காந்திருந்துச்சு. புந்தோங் என்ன சீமையிலயா இருக்கு? ஒரு பஸ்ஸு. அப்ப வரத் தெரியல?”

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதும் அக்கா, விடுங்க, என்று சொல்லலாம் என்று கேட்டைத் திறந்தேன். அதற்குள் அக்கா மெஷின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டார். மோட்டாரைப் போட்டார். தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சத்தம் காதைப் பிளக்கும்.

“இங்க வந்து நில்லு.”

கிழவி வந்து நின்றார். தானாகவே மறுபக்கம்தான் நின்றார். தகடு பிடிக்கிற பக்கம்.

“இப்ப சொல்லு.”

கிழவியின் உதடு அசைந்தது.

“கேக்கல.”

“கவரு இல்ல.”

“கேக்கல! சத்தமா!”

“கவரு இல்லம்மா! இருந்ததே இல்ல!”

“கழட்டுனாங்களா?”

“இல்ல! இருந்தாத்தானே கழட்டுறதுக்கு!”

“யாரு மேல தப்பு?”

“ஒங்கம்மா மேல இல்ல!”

“கேக்கல!”

சந்தில் கதவுகள் திறந்தன. என் பெண்டாட்டி கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார். கிழவி சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார். ஒங்கம்மா மேல தப்பு இல்ல, ஒங்கம்மா மேல தப்பு இல்ல.

அக்கா கைப்பிடியை இழுத்தார். மெஷின் நின்றது. கிழவி நிறுத்தவில்லை.